ஐடா ஸ்கடர் அம்மையார்

உலகிற் பிறந்தார் அனைவரும் வாழ்கின்றனர். ஆயினும், எதன்பொருட்டு வாழ்கிறோம் என்பதைத் தெளிந்து வாழ்பவர் சிலரே ஆவர். அத்தெளிவு சிலர்க்கு இளமையிலேயே கிட்டும். சிலர்க்கு முதுமையிலும் கிட்டுவதில்லை. வேலூர் நகரில் பெரியதொரு மருத்துவமனையையும் மருத்துவக் கல்லூரியையும் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார்க்கோ அஃது ஓரிரவிலே கிட்டியது. அவ்விரவில் அவர் அரிய செயல் எதனையும் செய்துவிடவில்லை. உதவி நாடி வந்தவர்க்கு உதவ இயலாமற் கலங்கி நின்றார். அக்கலக்கமே அவர்தம் வாழ்வுக்கு வழிகாட்டியாயிற்று.

ஸ்கடர் குடும்பத்தார் அமெரிக்க நாட்டினர். ஐடாவின் பாட்டனாராகிய ஜான் ஸ்கடர் ஒரு மருத்துவர். அவர் 1819ஆம் ஆண்டில் தாய்நாட்டினின்றும் புறப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தங்கிச் சமயப் பணியோடு மருத்துவப் பணியும் ஆற்றினார். அவருடைய மக்களும் அவ்வழியே சென்றனர். அம்மக்களுள் ஒருவர்க்கு ஒரே மகளாக, 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள், இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

ஐடாவின் குழந்தைப் பருவத்தில், 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை, தென்னாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டிற்று. எலும்புந் தோலுமாய் வந்து நின்ற சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைப் பிட்டுக் கொடுக்கும் வேலை அப்பிஞ்சுக் கைகளுக்கும் வாய்த்தது. அக்காட்சிகள் அவர் நெஞ்சை அச்சுறுத்தின. பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். பெற்றோர் தம் பணியின் பொருட்டு மீண்டும் இந்தியா வந்துவிட, உறவினர் இல்லத்திலும் பள்ளி விடுதியிலும் வளர்ந்தார். பஞ்சமும் பிணியும் பிரிவும் நிறைந்த அந்த வாழ்க்கை தமக்கு வேண்டா என்று அவர் உறுதி பூண்டார். பிறந்த குடியின் வழக்கம் எதுவாயினும் ஆகுக, தாம் அமெரிக்காவிலேயே இனிதாக வாழ்வது என்பதே அவர் எண்ணம்.

1890ஆம் ஆண்டில், தாயார் நோயுற்றிருக்கிறார் என்னும் செய்தி கேட்டு ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். தாயார் நலம் பெற்றதும் திரும்பிவிடுவதாகவே அவர் கருதியிருந்தார். அந்நாளில் ஓர் இரவு, அவர் விளக்கொளியில் தனித்து அமர்ந்திருந்தபோது வாயிலில் ஒருவர் வந்து நின்றார். அவர் ஓர் அந்தணர். அவருடைய இளம் மனைவி மகப்பேற்று வேதனையில் உயிர்க்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா உடன் வந்து அவளைக் காக்க வேண்டுமென்று அவர் இரந்தார். தாம் மருத்துவம் கற்றவர் அல்லர் என்றும், மருத்துவராகிய தம் தந்தையார் வந்து பார்ப்பார் என்றும் ஐடா கூறினார். அந்தணர் அதற்கு இசைந்திலர். அயல் ஆடவர் குலமகளிரைப் பார்த்தலாகாது என்பது அக்காலத்து வழக்கம். உயிரே போவதாயினும் அவ்வழக்கத்தைக் கடக்க அவர் துணியவில்லை. தலை கவிழ்ந்தவராய்த் திரும்பிச் சென்றார்.

சிறிது நேரத்தில் மற்றொருவர் வந்தார். அவர் இசுலாமியர். அவர் கொணர்ந்த துயரமும் அதுவே. அவர் கூறிய மறுமொழியும் அதுவே. அவர் சென்றபின் வேறோர் இந்துக் குடும்பத்தைச் சார்ந்தவர் வந்தார். அவரும் அவ்வாறே வேண்டினார், அவ்வாறே திரும்பினார். சமயத்தாலும் குலத்தாலும் வேறுபட்ட மூவரையும் ஒரே துன்பம் ஒரே வாயிலுக்குக் கொண்டுவந்தது; ஒரே வழக்கம் வெறுங்கையராய்த் திருப்பிவிட்டது.

ஐடா அவ்விரவு முழுதும் உறங்கவில்லை. பொழுது புலர்ந்ததும் தெருவில் சாப்பறை ஒலி கேட்டது. ஏவலரை அனுப்பி வினவியபோது, அம்மூன்று பெண்களும் இறந்துபட்டனர் என்னும் செய்தி வந்தது. அறிந்தார் ஒருவர் அருகில் இருந்தும், பெண் மருத்துவர் இல்லாக் குறையால் மூன்று உயிர்கள் வீணே மாய்ந்தன. ஐடா தம் அறையுட் புகுந்து நெடுநேரம் எண்ணினார். பின்னர்ப் பெற்றோரிடம் வந்து, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, இந்நாட்டு மகளிர்க்குத் தொண்டு புரிய மீண்டு வருவதாக அறிவித்தார். இந்நாட்டை விட்டு நீங்கிவிடத் துடித்த உள்ளம், இந்நாட்டுக்கே தன்னை உரிமையாக்கிக்கொண்டது.

அக்காலத்தில் அமெரிக்காவிலும் பெண்கள் மருத்துவம் பயில்வது எளிதன்று. ஐடா முதலிற் பிலடெல்பியா நகரிலிருந்த மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர், பெண்களுக்கு அப்போதுதான் இடமளித்த கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். வேலூரில் மகளிர்க்கென ஒரு மருத்துவமனை அமைத்தற்குப் பொருள் வேண்டியிருந்தது. ஷெல் என்னும் நியூயார்க் நகரச் செல்வர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் ஈந்தார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூரை அடைந்தார். தந்தையார் உடனிருந்து வழிகாட்டுவார் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால், அவ்வாண்டிலேயே தந்தையார் நோயுற்று இறந்தார். இளம் மருத்துவர் தனித்து நின்றார். எனினும் மனந்தளரவில்லை. குடியிருந்த இல்லத்திலேயே ஒரு சிறிய அறையில், ஒரே படுக்கையுடன் மருத்துவம் தொடங்கினார். முதலில் ஐயுற்று விலகிய மக்கள் நாளடைவில் அவரை நாடி வந்தனர். 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அதுவே பின்னாளிற் கண் மருத்துவமனையாக மாறிற்று.

நகரத்துக்கு வர இயலாத நாட்டுப்புற மக்களின் நிலையை எண்ணி அம்மையார் வருந்தினார். நோயாளர் மருத்துவமனைக்கு வாராராயின் மருத்துவமனை அவரிடம் செல்லவேண்டும் எனத் துணிந்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், மருந்துப் பெட்டிகளுடன் வாரந்தோறும் சென்றார். 1909ஆம் ஆண்டில் அவர்க்கு மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. குதிரையுமின்றி மாடுமின்றி ஓடிவந்த அவ்வண்டியைக் கண்டு சிற்றூரார் முதலில் அஞ்சி ஓடினர். பின்னரோ அதன் வரவை நோக்கி மரநிழல்தோறும் கூட்டங் கூட்டமாகக் காத்திருந்தனர். புண்ணைக் கழுவுதலும், பல்லைப் பிடுங்குதலும், காய்ச்சலுக்கு மருந்தளித்தலும் சாலையோரத்திலேயே நிகழ்ந்தன.

எத்துணை விரைந்து உழைத்தாலும் ஒருவர்க்கு இரண்டு கைகளே அல்லவா? தாம் ஒருவரே ஓடியோடிப் பணி செய்வதால் இந்நாட்டுப் பெண்களின் துயர் தீராது என்பதை அம்மையார் உணர்ந்தார். இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1909ஆம் ஆண்டிற் செவிலியர்க்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918ஆம் ஆண்டில் மகளிர் மருத்துவப் பள்ளியைத் தொடங்க முற்பட்டபோது, மூன்று பெண்கள் சேர முன்வந்தாலே பெரிது என்று உயர் அலுவலர் ஒருவர் ஐயுற்றார். வந்த விண்ணப்பங்களோ 151. அவற்றுட் சிலவற்றையே ஏற்க முடிந்தது. முதல் தேர்வில், அம்மாகாணத்து ஆண் மாணவருட் பெரும்பாலோர் தவறிவிட, வேலூர்ப் பள்ளியிலிருந்து தேர்வெழுதிய 14 பெண்களும் வெற்றி பெற்றனர்.

அம்மையார் முதுமையுற்ற காலத்தில் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. பள்ளிகளில் அளிக்கப்பட்ட சிறு மருத்துவத் தகுதி இனிப் போதாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளே மருத்துவம் கற்பிக்கலாம் என்னும் அரசாணை 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தப் பெரும்பொருள் வேண்டும்; இயலாதாயின் மூடிவிட வேண்டும். எழுபது வயதைக் கடந்த அம்மையார், ஓய்வை வேண்டாது, போர்க்காலத்தில் அமெரிக்காவின் நகர்தோறும் சென்று பொருள் திரட்டினார். 1942ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1947ஆம் ஆண்டில் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பெற்றனர். பெண்களுக்கென்றே அமைந்த நிலையத்தில் ஆடவர் புகுவதா என்று நெடுநாளைய நண்பர் சிலர் மனம் வருந்தினர். தொண்டு நிலைத்தலே பெரிது என அம்மையார் தெளிந்தார். டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றதைக் கண்டு மகிழும் பேறும் அவர்க்குக் கிடைத்தது.

மணவாழ்க்கையை விரும்பாது, பிறர் மக்களையே தம் மக்களாகக் கொண்டு வாழ்ந்த அம்மையார், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89ஆம் வயதில், கோடைக்கானலில் இயற்கை எய்தினார்.

திண்டிவனத்தில் அன்று மாய்ந்த மூன்று பெண்களின் பெயரை இன்று அறிவார் எவருமிலர். அவர்களைக் காக்க ஐடாவால் இயலவில்லை. ஆயினும், அவர்களை அவர் மறக்கவில்லை. அதனால், அவர்களைப் போன்ற எண்ணிறந்த தாய்மார் வேலூரில் உயிர் பிழைத்துத் தம் குழந்தைகளுடன் வீடு திரும்பினர். ஆற்றலில்லாதபோது உதவ இயலாமை குற்றமாகாது. அவ்வியலாமையை எண்ணி வருந்தி, ஆற்றலைத் தேடிப் பெறாது வாளா இருப்பதே குற்றமாகும். வாழ்வின் பயனைத் தேடித் தொலைவிடங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. துன்புற்றார் ஒருவர் வடிவில் அது நம் வாயிலுக்கே வரும். அவ்வேளையில் அதனை அறிந்து எழுந்து செல்வாரே பிறந்த பயனைப் பெற்றவர் ஆவர்.