தேசாதிபதி வார்டும் வயற்கூட்டமும்

கொழும்புப் பல் வைத்தியசாலைக்குப் போனவர்கள் வார்ட் பிளேஸ் என்ற வீதிப் பெயரைக் கண்டிருப்பார்கள். வைத்தியசாலை இருப்பதால் அது நோயாளர் படுக்கும் ‘வார்ட்’ என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். 1855 முதல் 1860 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட்தான் அவர். ரயில் பாதை வேலையைத் தொடக்கிவைத்தவர் என்றே பலரும் அவரை அறிவர். எங்கள் மன்னாரில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கமக்காரர்கள் கூடுகிறார்கள் அல்லவா? குளத்தை எப்போது திறப்பது, எப்போது விதைப்பது, எந்தத் திகதிக்குள் மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றுவது என்று அங்கே தீர்மானிக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின் முடிவுக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டப் பலம் கொடுத்தவர் இவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வார்ட் 1797இல் இலண்டனில் பிறந்தார். தந்தை அரசியல்வாதி, நாவலாசிரியரும்கூட. மகன் பத்தொன்பது வயதிலேயே இராஜதந்திர சேவையில் சேர்ந்தார். அப்போதுதான் ஸ்பெயினிடமிருந்து விடுபட்டிருந்த மெக்சிகோவில் 1825 முதல் 1827 வரை பிரித்தானியாவின் பிரதிநிதியாக இருந்தார். அந்த நாட்டைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதினார். அதிலுள்ள படங்களை வரைந்தவர் அவருடைய மனைவி எமிலி. சிறு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் பயணம் செய்து வரைந்தார். வார்ட்டைப் பற்றிய குறிப்புகளில் எமிலிக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது என்பதால் இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

பிறகு நாடாளுமன்றத்தில் பதினேழு ஆண்டுகள். 1849இல் கிரேக்கத்தை அடுத்த ஐயோனியத் தீவுகளின் ஆட்சியாளரானார். அதே ஆண்டில் செபலோனியாத் தீவில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது இராணுவச் சட்டம் போட்டு 21 பேரைத் தூக்கிலிட்டார். கசையடி பட்டவர்கள் அதைவிட அதிகம். இந்தக் கறை அவர் வரலாற்றில் இருக்கிறது. அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படிப்பட்டவர் இலங்கைக்கு வந்ததும் கண்டது பாழடைந்த குளங்களை. எங்கள் கட்டுக்கரைக்குளமும் அப்போது உடைந்துதான் கிடந்தது. அது திருத்தப்பட்டது அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். குளங்கள் பாழானதற்குப் போரும் காய்ச்சலும் மட்டும் காரணமல்ல. 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய வேலைமுறை ஒழிக்கப்பட்டது. அது மக்களுக்கு நல்லதுதான். ஆனால் அணைக்கட்டுக்கு மண் போடு, உன் பங்கு வாய்க்காலைத் துப்புரவாக்கு, வேலியை அடை என்று ஊர் சொன்னால் கேட்கவேண்டும் என்ற கட்டுப்பாடும் அதோடு போய்விட்டது. ஒருவர் தன் வரம்பைக் கவனிக்காவிட்டால் பத்துப் பேரின் வயல் காய்ந்தது. முறையிட வேண்டுமானால் தொலைவிலுள்ள நீதிமன்றம். அங்கே வழக்கு முடிவதற்குள் இரண்டு போகம் முடிந்துவிடும்.

பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி, ஊவாவின் பழைய நீர்ப்பாசன வழக்கங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தார். வார்ட் அதை எடுத்துக்கொண்டார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அப்படித்தான் வந்தது. புதிய விதிகளை மேலிருந்து திணிக்காமல், அந்தந்த இடத்து நெற்காணிக்காரர்களை அரசாங்க அதிபர் கூட்டவேண்டும், அவர்களில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால் ஊரின் பழைய வழக்கமே அங்கே சட்டமாகும், தகராறுகளை ஊரவர்களே விசாரிக்கலாம் என்று அது வகுத்தது. கிழக்கே இறக்காமம், அம்பாறைக் குளங்களும் அவர் காலத்தில் திருத்தப்பட்டன. ஒரு தீவின் குடியானவர்களைத் தூக்கிலிட்டவர் இன்னொரு தீவின் குடியானவர்களிடம் உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் கூட்டத்தில் உட்கார யாருக்கு இடம் இருந்தது? காணி உள்ளவர்களுக்கு. மாடு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இல்லை. மன்னார்க்காரர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அரிவு வெட்டு முடிந்ததும் வயல் எல்லாருடைய மாட்டுக்கும் திறந்துவிடப்படும். தாளைத் தின்ற மாடு சாணத்தைப் போட்டுவிட்டுப் போகும். கோடையில் குளத்து நீர் வற்ற வற்ற அலைகரையில் புல் முளைக்கும். ஒரே நிலம் மாரியில் ஒருவருடையது, கோடையில் ஊருடையது. காலபோக விதைப்பு வந்தால் மாடுகள் வெளியேற வேண்டும். எங்கே போவது? பழைய காலத்தில் காடும் வெறுந்தரையும் இருந்தன. அவற்றையோ 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் இல்லாத தரிசும் காடும் முடிக்குரியவை என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. வார்ட் அதில் கைவைக்கவில்லை. காடுகள் கோப்பித் தோட்டங்களுக்கு விற்பனையாகி வந்த காலம் அது. வயலின் உள்ளே ஊருக்கு அதிகாரம் கொடுத்தார். வயலுக்கு வெளியே இருந்த மேய்ச்சல் தரையை அரசாங்கத்திடமே விட்டுவிட்டார்.

இன்றும் சண்டை அங்கேதான். விதைப்புக் காலம் வந்தால் பட்டிக்காரர் மேய்ச்சல் தரை கேட்கிறார்கள், கமக்காரர் கட்டாக்காலி மாடுகளைப் பிடிக்கச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சில வீடுகளில் இருவரும் அண்ணன் தம்பிதான். 1990இல் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியவர்கள் வயலுக்கு உறுதியைக் காட்டலாம். மாடு மேய்த்த தரைக்கு எதைக் காட்டுவது? மாட்டுக்காரரையும் அதே கூட்டத்தில் உட்காரவைத்து, விதைப்புத் திகதியைக் குறிக்கும்போதே மாடு போகும் இடத்தையும் குறித்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

வார்ட்டின் மீதி ஆண்டுகள் வேகமாக ஓடின. 1857இல் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டபோது இங்கிருந்த ஆங்கிலப் படையை அங்கே அனுப்பினார். 1858இல் தந்திக் கம்பி மன்னார் வழியாக இந்தியாவை எட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்பு ரயில் பாதைக்கு முதல் மண்ணை வெட்டினார். 1860 ஜூலையில் சென்னையின் ஆளுநராகப் பதவியேற்றார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 2ஆம் திகதி வாந்திபேதியில் இறந்தார். சென்னைக் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் அவரை அடக்கினார்கள்.

1856ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கென்றே பரீட்சார்த்தமாகக் கொண்டுவரப்பட்டது. அவர் இறந்த மறு ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. காணிக்காரர்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.