அண்ணல் அம்பேத்கரும் சவுதார் குளத்து வழக்கும்

சேர்வராயன் மலையில் வாழும் நம் இளைஞர்கள் ஏற்காட்டு ஏரியை நாள்தோறும் காண்கின்றனர். பொதுக்குளம் ஒன்றில் நீர் மொள்ளும் உரிமைக்காக ஒரு பெருமகனார் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வழக்காடிய வரலாற்றை அவர்கள் அறிதல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் நகரில் பிறந்தார். பள்ளியில் தனியே கோணியின்மேல் அமர்ந்து பயின்றார். பணியாள் ஊற்றினாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. அச்சிறுவரே பின்னாளில் அமெரிக்காவிலும் இலண்டனிலும் கற்றுத் தேர்ந்து, பாரிஸ்டராகி, 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. அத்தீர்மானம் ஏட்டளவில் நின்றது. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் மக்களை அழைத்துச் சென்று அக்குளத்து நீரைப் பருகினார். சாதி இந்துக்கள் அம்மக்களைத் தாக்கினர். குளத்திற்குத் தீட்டுக் கழித்தனர்.

அண்ணல் மீண்டும் டிசம்பரில் அறப்போருக்கு நாள் குறித்தார். சாதி இந்துக்கள் சிலர் அவரை முதற் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்து, டிசம்பர் 14ஆம் நாள் இடைக்காலத் தடை பெற்றனர். குளம் தமக்கே உரியது என்றும், தீண்டப்படாதாரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்றும் வாதிட்டனர். சிறை செல்லவும் துணிந்து ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தும், அண்ணல் தடையாணையை மதித்தார். மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து, நீரைத் தொடாமலே திரும்பினர். அன்று அவர்கள் அடக்கிய தாகம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்!

1928 பிப்ரவரியில் அத்தடை நீங்கியது. 1931 ஜூன் 8ஆம் நாள் வழக்கு தள்ளுபடியாயிற்று. எதிர்த்தரப்பினர் தாணே நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து 1933 ஜனவரியில் தோற்றனர். பம்பாய் உயர்நீதிமன்றம் சென்று 1937 மார்ச் 17ஆம் நாள் மீண்டும் தோற்றனர். குளம் நகராட்சிக்குரியது, தொன்மையான வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது முடிவு.

மேல்முறையீடு என்பது வழக்கைப் புதிதாக நடத்துவதன்று. மேல்நீதிமன்றம் பொதுவாகச் சாட்சிகளை மீண்டும் அழைப்பதில்லை. கீழ்நீதிமன்றத்தில் பதிவானவற்றையே ஆராய்கிறது. முதல் மேல்முறையீட்டில் உண்மை நிகழ்வு, சட்டம் இரண்டையும் எடைபோடலாம். இரண்டாம் மேல்முறையீட்டில் சட்டப் பிழை உண்டா என்பதே கேள்வி. ஆகவே, முதல் நீதிமன்றத்தில் வைக்கும் ஆவணமும் சாட்சியமுமே இறுதிவரை துணைநிற்கும்.

சேலத்திலிருந்து நம் மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் நின்றுவிட்டவர் ஊர் வந்து சேர்வதில்லை. உரிமையியல் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர்நீதிமன்றத்திற்கு 90 நாள் எனக் கெடு உண்டு. பாதகமான தீர்ப்பைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, கெடு கடந்தபின் படித்துக் காட்டுமாறு என்னிடம் கொண்டுவந்த பெற்றோர் உண்டு. அன்று அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஏதுமில்லை. நம் சங்கம் கல்வியைப் பெரிதாகக் கருதுவது இதனால்தான்.

அண்ணல் 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். பொதுக் கிணறும் குளமும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்னும் விதி, அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் நிலைபெற்றுள்ளது. இளைஞர்களே, சட்டம் பயிலுங்கள். அவ்விதியைக் காக்கும் வழக்கறிஞர்கள் இம்மலையிலிருந்தும் எழுக!