பழனி காணாத பாம்பன் அடிகள்

தரமணிக்குக் கிழக்கே திருவான்மியூரில் சமாதி கொண்டுள்ள பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் முருகனையே பாடிய அருட்கவி. 1891-இல் சண்முக கவசம் அருளியவர். எனினும் பழனிக்கு அவர் சென்றதில்லை.

துறவு வேட்கை மிகுந்த நாளொன்றில் பழனிக்குப் புறப்பட எண்ணினார். அது முருகன் ஆணையோ என வினவிய நண்பரிடம் ஆம் என்றுரைத்துவிட்டார். ஆணை ஏதும் இல்லை. தம் ஆவலையே ஆணையாக்கிக்கொண்டார். அன்றே முருகன் தோன்றிக் கடிந்தான் என்பர். அவன் அழைக்கும்வரை பழனிக்கு வருவதில்லை என அடிகள் உறுதியளித்தார். அழைப்பு வரவேயில்லை. ஒரு சொல்லுக்கு இத்துணை நெடிய தண்டமா என மாணவியாய் இருந்தபோது நான் வருந்தியதுண்டு. அடிகளோ பாடிக்கொண்டேயிருந்தார்.

1923 டிசம்பரில் சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் குதிரைவண்டிச் சக்கரம் ஏறி அவரது இடக்கால் முறிந்தது. அகவை 70-ஐக் கடந்தவர். உப்பு நீக்கி உண்பவர். எலும்பு கூடாதென்றே பொது மருத்துவமனை மருத்துவர் கருதினர். கலங்கிய அன்பர்கள் சண்முக கவசம் ஓதினர். 11-ஆம் நாள் இரவு மயில்கள் ஆடிவரக் கண்டார் அடிகள். கால் கூடியது. அந்நாளே ஆண்டுதோறும் மயூர வாகன சேவன விழாவாகிறது.

நலம்பெற்ற அக்கால்களும் பழனிப் படியை மிதிக்கவில்லை. 1929 மே 30-இல் நிறைவெய்தும்வரை அடிகள் அழைப்புக்குக் காத்திருந்தார்.