மாணவர் சந்திரசேகரும் மாறிய அணுவும்

அணுவைப் பற்றி இன்று நாம் வகுப்பறையில் கற்கும் பாடம் ஒரே நாளில் உருவானதன்று. 1808இல் டால்டன் அணுவைப் பிளக்க முடியாத பொருளாகக் கருதினார். 1897இல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்ததும் அக்கருத்து வீழ்ந்தது. 1911இல் ரூதர்போர்டு அணுவின் நடுவே கரு உண்டு என்று நிறுவினார். 1913இல் நீல்ஸ் போர், கருவைச் சுற்றிக் குறிப்பிட்ட வட்டப் பாதைகளிலேயே எலெக்ட்ரான்கள் செல்லும் என்றார். ஜெர்மானியப் பேராசிரியர் சாமர்ஃபெல்டு 1916இல் அவற்றோடு நீள்வட்டப் பாதைகளையும் சேர்த்தார்.

இந்த வரலாற்றின் அடுத்த திருப்பம் நம் சென்னையில் பயின்ற மாணவர் ஒருவரின் வாழ்வையே மாற்றியது. அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் தந்தவர். சர் சி. வி. இராமன் இவருக்குச் சித்தப்பா. குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சந்திரசேகர், 1925இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே பாடத்திட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் பற்றிச் சாமர்ஃபெல்டு எழுதிய பெருநூலைத் தாமே முயன்று கற்றார். 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதே சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் தயங்காமல் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று, நூலைப் படித்ததாகக் கூறினார். பாராட்டை எதிர்பார்த்திருக்கக்கூடிய அம்மாணவருக்குக் கிடைத்ததோ பேரதிர்ச்சி! அந்நூல் வெளிவந்த பின் அணுவியலே மாறிவிட்டது என்றும், ஹைசன்பர்க், சுரோடிங்கர், டிராக், பௌலி ஆகியோர் புதிய அடித்தளம் இட்டுவிட்டனர் என்றும் நூலாசிரியரே விளக்கினார்.

அப்படி என்ன மாறிவிட்டது? நம் மாவட்டத்து ஒகேனக்கலைக் கொண்டு விளக்க முயல்கிறேன். ஆற்றில் செல்லும் பரிசல் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கும், இன்ன வழியே போகும் என்று பரிசலோட்டி கூறிவிடலாம். போர் கண்ட எலெக்ட்ரான் அத்தகையது. ஆனால் காவிரி பாறையில் மோதும்போது எழும் நீர்ப்புகையைப் பாருங்கள். ஊருக்குப் புகையும் கல் என்னும் பொருள்படப் பெயர் தந்த புகை அது. அருவியருகே அடர்த்தி, விலக விலக மென்மை என்று மட்டுமே நாம் சொல்ல முடியும். 1926இல் சுரோடிங்கரின் அலைச் சமன்பாட்டிலிருந்து பிறந்த அணு ஏறத்தாழ இத்தகையது. எலெக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு மிகுதி, எங்கே குறைவு என்றே அது கூறும். உவமை ஓரளவே பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்த்துளிக்கு, நாம் அறியாவிடினும், ஒரு வழி உண்டு. எலெக்ட்ரானுக்கோ அப்படி ஒரு வழி வகுத்துக் கூறவே இயலாது.

சந்திரசேகர் மனம் உடைந்து போகவில்லை. உலோகங்களில் உள்ள எலெக்ட்ரான்களைப் பற்றி அப்போது அச்சாகாதிருந்த தம் கட்டுரையின் மெய்ப்புப் படிகளைச் சாமர்ஃபெல்டு தந்தார். அவற்றைக் கொண்டு புதிய புள்ளியியலைக் கற்ற சந்திரசேகர், சில திங்களிலேயே தாமும் ஓர் ஆய்வுரை எழுதிக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் பௌலருக்கு அனுப்பினார். 1929இல் அது இலண்டன் ராயல் கழக இதழில் வெளிவந்தது. அப்போது அவர் இன்னும் கல்லூரி மாணவரே.

1930இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன்களை எலெக்ட்ரான்களின் அழுத்தமே தாங்குகிறது என்று பௌலர் 1926இல் காட்டியிருந்தார். மிகு அடர்த்தியில் அந்த எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே என்று எண்ணிய சந்திரசேகர், சார்பியலையும் சேர்த்துக் கப்பலிலேயே கணக்கிட்டார். அத்தகைய விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பது புலனாயிற்று. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கான அந்நிறையே இன்று சந்திரசேகர் எல்லை எனப் போற்றப்படுகிறது.

போற்றுதல் உடனே வரவில்லை. 1935 ஜனவரி 11 அன்று இலண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் பேரறிஞர் எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் சண்டையிட்டுக் காலத்தை வீணாக்கவில்லை. 1937இல் அமெரிக்காவில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு துறையில் பல்லாண்டு உழைப்பது, அதை நூலாக எழுதி முடிப்பது, பின் வேறொரு துறையில் மாணவரைப் போலத் தொடங்குவது என்பதே அவர் வாழ்க்கை முறையாயிற்று. தாம் கற்ற நூல் கண்ணெதிரே பழையதாகக் கண்ட அந்தச் சென்னைச் சந்திப்பே இதற்கு வித்திட்டிருக்கும் என்பது என் எண்ணம். 1983இல் நோபல் பரிசு வந்தது. 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் மறைந்தார்.

தேர்வுத் தாளில் வட்டம் வட்டமாக அணுவை வரைந்து மதிப்பெண் பெறும் நாம், அப்படம் 1913ஆம் ஆண்டினது என்பதை மறந்துவிடுகிறோம். அதைக் கற்பது வேண்டும். அதுவே முடிவென்று எண்ணுதல் கூடாது. நம் ஊருக்கு அறிஞர் ஒருவர் வரும்போது, படித்துவிட்டேன் என்று சொல்லத்தக்க ஒரு நூலேனும் நம் கையில் இருக்கட்டும். அந்நூல் பழையதாகிவிட்டது என்று அவர் சொன்னால், புதியது எது என்று கேட்கும் துணிவும் நமக்கு இருக்கட்டும்.