ஓரெழுத்து மாறினால் ராத்தாவுக்கும் இடமுண்டு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் போனால், சாய்ந்தமருதைத் தாண்டியதும் காரைதீவுச் சந்தி வரும். அங்கே சிலையாக நிற்கும் சுவாமி விபுலானந்தரைக் காணும்போதெல்லாம் எனக்கு என் ராத்தாவின் ஞாபகம் வரும்.

1990 இல் மச்சானை இழந்த ராத்தா, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். நிவாரணப் படிவத்தில் ‘குடும்பத் தலைவன்’ என்றிருந்த கட்டத்தில், மௌத்தான மச்சானின் பெயரைத்தான் பல வருடங்கள் எழுதினார். குடும்பத்தைச் சுமந்தவருக்கு அந்தத் தாளில் இடமிருக்கவில்லை.

விபுலானந்தர் 1892 இல் காரைதீவில் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி கற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்ப்பாணத்தில் படிப்பித்தார். 1924 இல் இராமகிருஷ்ண மிஷனில் துறவறம் பூண்டு, கிழக்கு மாகாணத்தில் மிஷன் பாடசாலைகளை வளர்த்தார்.

விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே தெரிந்த அவரைத் தமிழ்நாடு தேடியது. விஞ்ஞானப் பாடங்களைத் தமிழில் நடத்தச் சொற்கள் வேண்டியிருந்தன. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற்கள் நூல் 1938 இல் வெளிவந்தது. வடமொழியை அப்படியே எடுத்தாளலாம் என்று பலர் வாதிட்ட காலத்தில், தமிழின் வேரிலிருந்தே சொல் எடுக்கலாம் என்பதை அந்த முயற்சி காட்டியது.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்தான். பேராசிரியர் என்ற அந்தப் பட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே பொருந்தும். பிரெஞ்சு மொழியில் அதே பதவிக்குரிய சொல் ஆண்பால். தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவங்களை பிரெஞ்சு அக்கடமி 2019 இல்தான் ஏற்றது. இருபாலையும் ஒரே சொல்லில் எழுத நடுவில் புள்ளியிடும் முறைபற்றி அங்கே இன்னும் சண்டை.

நமக்குப் புள்ளி தேவையில்லை. பலரைக் குறித்த ‘அர்’ விகுதி மரியாதை விகுதியாகி, பால் பார்க்காமல் நிற்கிறது. தலைவன், தலைவி என்று பிரிக்காமல் தலைவர் என்றால் போதும். விபுலானந்தரின் கலைச்சொல் வேலை விஞ்ஞானத்துக்கானது. ஆனாலும் மொழியின் உள்ளேயே தேடு என்ற அவருடைய வழி இதற்கும் உதவுகிறது.

1947 ஜூனில் அவரது யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் திகதி அவர் காலமானார்.

பிறகொரு நாள் ராத்தாவிடம் வந்த படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றிருந்தது. அவர் தன் பெயரை எழுதினார். சொல் மாறியதால் வறுமை தீரவில்லை. கணவரின் பெயரை அதிகாரிகள் கேட்பதும் நிற்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் அவர் இருந்தார். போரில் கணவரை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் படிவம் நிரப்புகிறார்கள். எங்காவது ‘தலைவன்’ என்றிருந்தால், அந்த ‘ன்’ ஐ ‘ர்’ ஆக்கச் சொல்லிக் கேளுங்கள்.