மாடியில மாட்டின தெர்மாமீட்டர் ஏன் கூடுதலா காட்டுது? வெள்ளைப் பெட்டி தந்த தாமஸ் ஸ்டீவன்சன் யார்?

கத்திரி வெயில் நேரத்துல டி. கல்லுப்பட்டியில் மொட்டை மாடிச் சுவரில் தெர்மாமீட்டரை மாட்டிப் பாருங்க. வானிலை ஆய்வு மையம் மதுரைக்குச் சொல்றதைவிட கூடுதலாத்தான் காட்டும். வெயிலில் நிக்கிற கருவி தானே சூடாகி, தன்னோட சூட்டையே காட்டுது. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட்டால்தான் வெப்ப அலைனு அறிவிக்கவே முடியும். அதனால ஒன்றிரண்டு டிகிரி தப்பும் சின்ன விஷயம் இல்லை.

இதுக்கு வழி சொன்னவர், வெயிலுக்கு ஏங்குற ஊர்க்காரர்!

யார் இவர்?

1818-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார் தாமஸ் ஸ்டீவன்சன். அப்பா ராபர்ட், அண்ணன்கள் ஆலன், டேவிட் எல்லாருமே கலங்கரை விளக்கம் கட்டிய இன்ஜினியர்கள். தாமஸும் அதே வழிதான். அலை மோதும் விசையை அளக்க ஒரு கருவியே செய்தார். ஆனாலும் விக் துறைமுகத்தில் இவங்க கட்டின அலைத்தடுப்புச் சுவரின் முனையை, சுமார் 1,350 டன், 1872 புயல் அப்படியே பெயர்த்துப் போட்டது. இன்னும் கனமா கட்டினாங்க. அதையும் கடல் விடலை. கடைசியில் அந்த வேலையே கைவிடப்பட்டது.

பெட்டியில் என்ன இருக்கு?

1860-களில் அவர் வடிவமைத்தது ஒரு மரப்பெட்டி. நாலு பக்கமும் சாய்வான இரட்டைச் சட்டங்கள். காற்று நுழையும், வெயில் நுழையாது. வெள்ளை பெயின்ட் ஒளியைத் திருப்பி அனுப்பிடும். நம்ம ஊரில் கதவு வடக்கு பார்த்து இருக்கணும், திறக்கும்போது வெயில் படக்கூடாதுல்ல!

இன்றைக்கு வீட்டு வானிலைக் கருவிகளில் தட்டுகளை அடுக்கின மாதிரி வரும் பிளாஸ்டிக் கவசமும் இதே யோசனைதான். காற்று நின்னுட்டா அதுவும் கூடுதலா காட்டும். தூசி படிஞ்சு மஞ்சளானாலும் அப்படித்தான். சின்ன ஃபேன் வெச்சது கொஞ்சம் தேவலை. கான்கிரீட் தளத்தைவிட மண் தரையில், சுமார் ஒன்றே கால் முதல் 2 மீட்டர் உயரத்தில் வைப்பது நல்லது.

காப்புரிமை வாங்காதவர்

அரசுப் பணியில் இருப்பவரின் கண்டுபிடிப்பு நாட்டுக்குச் சொந்தம்னு நினைத்தவர். எதற்குமே காப்புரிமை எடுக்கலை. மகனும் இன்ஜினியர் ஆகணும்னு ஆசைப்பட்டார், நடக்கலை. 'ட்ரெஷர் ஐலேண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்தான் அந்த மகன். அந்தக் கதையில் வரும் கொள்ளையனின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும்னு பட்டியல் போட்டுக் கொடுத்தது அப்பாதான்.

1887 மே மாதம் எடின்பரோவிலேயே தாமஸ் காலமானார்.