அரச பல்கலைக்கழக ஆசிரியர் நடத்திய மாநாடு: பேராசிரியர் சு. வித்தியானந்தன்

யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்துக்கு அருகிலுள்ள நினைவுத்தூண்களைக் கடந்து செல்லும் எவருக்கும் 1974 ஜனவரி 10 நினைவுக்கு வரும். ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றுகிறோம். ஆனால் அந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைத் தலைமையேற்று நடத்தியவர் அரசியல்வாதி அல்லர். அரச பல்கலைக்கழகமொன்றில் சம்பளம் பெற்றுக் கடமையாற்றிய தமிழாசிரியர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

சுப்பிரமணியம் வித்தியானந்தன் 1924 மே 8ஆம் திகதி தெல்லிப்பழையில் பிறந்தார். கொழும்பில் சுவாமி விபுலானந்தர், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஆகியோரிடம் தமிழ் கற்றார். பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சங்ககாலத் தமிழரின் வாழ்வை விளக்கும் 'தமிழர் சால்பு' 1954இல் வெளிவந்தது.

பல்கலைக்கழகம் கண்டிக்கு அருகே பேராதனைக்கு இடம்பெயர்ந்த பின், அவருடைய நீண்ட பணிக்காலம் அங்கேயே கழிந்தது. கிராமத்தவரின் ஆட்டம் என்று படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த மட்டக்களப்புக் கூத்தை அவர் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து அளவாகச் சுருக்கப்பட்டு, பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் நாடகமானது. 1962இல் கர்ணன் போர், அதன்பின் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எனத் தொடர்ந்தன. மன்னாரின் கத்தோலிக்க நாட்டுக்கூத்துப் பிரதிகளையும் பதிப்பித்தார்.

தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் நகரங்களில் மாநாடுகள் நடந்தன. நான்காவது மாநாட்டை இலங்கையில் நடத்துவதென முடிவானதும், எந்த ஊரில் என்ற கேள்வி பெரும் பிணக்காக வளர்ந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் கொழும்பை விரும்பியது. ஏற்பாட்டாளர் பலர் தமிழர் வாழும் யாழ்ப்பாணமே பொருத்தம் என்றனர். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் தமிழரைக் கொதிக்க வைத்திருந்த காலம் அது. இலங்கைக் கிளையின் தலைமை இறுதியில் வித்தியானந்தனிடம் வந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் உறுதியாக நின்றார்.

அந்த உறுதிக்கு என்ன விலை என்பதை அன்றைய பல்கலைக்கழக நிலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒரே நிறுவனமாக்கி, பேராதனையை அதன் ஒரு வளாகமாக்கியது. கல்வி அமைச்சின் கை அதில் ஓங்கியிருந்தது. ஆகவே மாநாட்டு இடம் குறித்து வித்தியானந்தன் முரண்பட்ட அரசாங்கமே அவருக்கு வேலை தரும் இடமாகவும் இருந்தது. பதவி உயர்வு, அடுத்த நியமனம் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே வரவேண்டும். ஒரு மோதல் காத்திருக்கிறது என்று தெரிந்தே கட்டுரைகளைத் திரட்டவும், அறிஞர்களுக்கு அழைப்பு அனுப்பவும், மண்டபங்களை ஒழுங்கு செய்யவும் வேண்டியிருந்தது. கண்டியில் தொடங்கும் ஏ9 வீதியின் மறுமுனையில் சொந்த ஊர் இருந்தது. ஆனால் அந்த முறை அங்கே போவது சாதாரண பயணமாக இருக்கவில்லை.

தடைகள் பல வந்தன. வெளிநாட்டு அறிஞர் சிலருக்கு விசா மறுக்கப்பட்டது. இருந்தும் மாநாடு 1974 ஜனவரி 3ஆம் திகதி தொடங்கியது. யாழ்ப்பாண மக்கள் ஊரையே அலங்கரித்து அதைத் தங்கள் வீட்டு விழாவாகக் கொண்டாடினர். ஆய்வரங்குகள் 9ஆம் திகதிவரை நடந்தன. மறுநாள் மாலைப் பொதுக்கூட்டத்தில் பொலிஸார் புகுந்து தாக்கினர். வேட்டுப்பட்டு அறுந்த மின்கம்பி கூட்டத்தின் மேல் விழுந்தது. ஒன்பது உயிர்கள் பறிபோயின. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெட்சர் தலைமையிலான மக்கள் விசாரணைக் குழு பொலிஸாரையே குற்றஞ்சாட்டியது. அரசாங்கம் எவரையும் தண்டிக்கவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி நியமிக்கப்பட்டார். கைலாசபதியின் புலமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மூத்தவரான வித்தியானந்தன் விடுபட்டதற்கு மாநாடே காரணம் என்ற எண்ணம் தமிழ்க் கல்வியுலகில் இருந்தது. ஆட்சி மாறிய 1977ஆம் ஆண்டிலேயே அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானார்.

அந்தக் கதிரையும் சுகமானதாக இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983க்குப் பின் போர் வந்தது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் பல்கலைக்கழகச் சுற்றாடலிலேயே தரையிறங்கிப் போரிட்டனர். அதன் பின்னரும் 1988வரை அவர் பல்கலைக்கழகத்தை நடத்தினார். 1989 ஜனவரியில் காலமானார்.

மாநாட்டைக் கொழும்பில் நடத்தியிருந்தால் அவருக்கு எந்த இழப்பும் வந்திராது. யாழ்ப்பாணத்தை அவர் தெரிந்தெடுத்தபோது வேலையை உதறவுமில்லை, அரசியல் மேடை ஏறவுமில்லை. ஆராய்ச்சி மாநாடு அந்த மொழியைப் பேசும் மக்கள் நடுவே நடக்கவேண்டும் என்ற நிலைப்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஜனவரி 10இல் இறந்தவர்களை நினைக்கும்போது, அவர்கள் கேட்க வந்த தமிழை அந்த முற்றத்துக்குக் கொண்டுவந்த ஆசிரியரையும் நினைப்பது நம் கடன்.